அறுநூறு மில்லிகிராம்

காலை ஏழரை. தம்ளரில் பாதி தண்ணீர்.
வில்லையைப் போடுகிறேன்.
சுர்ரென்று நுரைத்து, ஓரம் தேய்ந்து,
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
காணாமல் போகிறது.
பிறகு எழும்பும் அந்த நாற்றம்:
எலுமிச்சை பூசிய அழுகல் முட்டை.

"மூன்றாம் மட்டத்து வாடை" என்கிறான் பெலார்மினோ.
இருபத்தாறு வருடம் அந்தக் குழிக்குள் இறங்கியவன்
மூக்கைப் பிடித்துக்கொண்டு
ஒரே மடக்கில் குடிக்கிறான்.

மருந்தின் பெயர் என் வாயில் நுழைவதில்லை.
இளக்கி என்று வைத்துக்கொண்டேன்.
டாக்டர் நெரேயா சொன்னது இவ்வளவுதான்:
"நுரையீரலை இது புதிதாக்காது, எதெல்வினா.
உள்ளே பசையாய் ஒட்டியிருப்பதைக்
கொஞ்சம் நீர்க்க வைக்கும்.
வரும் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிக்கு
மூன்று முறை வருவது இரண்டாகலாம்.
அதுவும் நிச்சயமில்லை."

நிச்சயமில்லை என்று வாய்விட்டுச் சொன்ன
முதல் டாக்டர்.
அதற்காகவே நம்பினேன்.

வேலைநிறுத்தத்தின்போது
பதினோரு நாள் சுரங்கத்தின் அடியிலேயே
மேலே வராமல் உட்கார்ந்திருந்தான்.
போலீஸ்காரன்கூட அவனைக் கோழை என்றதில்லை.
இப்போது நெஞ்சு நிறையக் கோழை.
ஒரே சொல்தான்.
மொழிக்கு வெட்கமே கிடையாது.

நான் மேலே, கரி கழுவும் கொட்டகையில்.
ஓடும் பட்டையிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிய வேண்டும்.
பதினாறு பெண்கள். ஒரே தூசு.
கழுவிய தண்ணீரெல்லாம் நலோன் ஆற்றுக்கு.
மை போல ஓடியது ஆறு.
வெள்ளைத் துணியை யாரும்
ஆற்றுப் பக்கம் உலர்த்தியதில்லை.

இப்போது சாமா பாலத்தில் நின்றால்
கூழாங்கல்லை எண்ணலாம்.
ஆற்றுக்கு யாரும் மாத்திரை கொடுக்கவில்லை.
கழுவுவதை நிறுத்தினார்கள்,
அவ்வளவுதான்.
மனிதன் ஆறு இல்லையே,
வாரிக்கொண்டு போகக் கடல் கிடையாது.
ஒரு கிண்ணம்தான்.

அரை மணி கழித்துத்
தலையணையில் கவிழ்ந்து படுப்பான்.
கையைக் குவித்து முதுகைத் தட்டுவேன்,
கீழிருந்து மேலாக,
கதவு திறக்காத வீட்டைத் தட்டுவது போல.
சில நாள் திறக்கும்.
சில நாள் உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம் மட்டும்.

"என்ன நிறம்?" போனில் டாக்டர்.
"வெள்ளை" என்பான்.
கிண்ணத்தைக் கழுவுகிறவள் நான்.
மஞ்சள். அதற்கு மறுவாரம் பாசிப் பச்சை.
ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
கசகசா அளவில் ஒரு கறுப்பு.

சுரங்கத்தை விட்டு வந்து முப்பத்தொரு வருடம்.

என் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு
கிண்ணத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
"நல்ல கரி" என்றான்.
"இதை நீ பொறுக்கி எறிந்திருக்க மாட்டாய்."

சிரித்தோம். சிரிப்பு இருமலானது.
முதலில் அவனுக்கு. பிறகு எனக்கு.
அவனுடையது நின்ற பிறகும்
என்னுடையது நிற்கவில்லை.

அவன் இருமலுக்குக் கோப்பு உண்டு,
முத்திரை உண்டு, மாதம் ஒரு தொகை உண்டு.
கொட்டகைப் பெண்கள் கீழே இறங்கியதில்லையே.
எங்கள் இருமலுக்குப் பெயர்
ஜலதோஷம்.

நேற்று எழுந்து வருவதற்குள்
மேசையில் இரண்டு தம்ளர்.
இரண்டாவதில் வில்லை பாதி கரைந்திருந்தது.
"ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்"
என்றான், என்னைப் பார்க்காமல்.
"மூக்கைப் பிடித்துக்கொள்."

இன்னொருவர் மருந்தைக் குடிக்கக் கூடாது.
தெரியும். தம்ளரை அப்படியே தள்ளி வைத்தேன்.
நுரை அடங்கும்வரை இருவரும்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம்.
இந்த முறை என் நிறத்தையும் கேட்பார்.
வெள்ளை என்று சொல்லமாட்டேன்.